அம்மாவுக்குப் பின் பெஞ்சில்

அம்மாவின் பிடரி இவ்வளவு மெலிந்துவிட்டது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்? தம்பி பென்னட் ஓமனில் இருக்கிறான், வாரம் ஒருமுறை போனில் அம்மாவைப் பார்க்கிறான், அம்மா போனை எப்போதும் நெற்றிக்கு நேராகத்தான் பிடிப்பாளாம், அவன் பார்ப்பதெல்லாம் அம்மாவின் நெற்றியும் மேலே சுற்றுகிற மின்விசிறியும்தான், பிடரியை எங்கே போய்ப் பார்ப்பது. நான் பார்க்கிறேன். ஜெபத்துக்குப் போட்ட முக்காடு பிரசங்கத்தில் சரிந்து தோளில் கிடக்கிறது, ஜாக்கெட்டின் பின்கழுத்து தொளதொளத்துப் போய் அதை உள்பக்கமாக ஓர் ஊக்கு குத்தி இழுத்து வைத்திருக்கிறாள், கொண்டை எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். தொடக் கூடாது, இன்னும் நேரம் இருக்கிறது. பிரசங்கம் முடிய வேண்டும், விசுவாசப் பிரமாணம் சொல்ல வேண்டும், அறிவிப்புகள், அப்புறம் நீண்ட ஜெபம், அதற்கப்புறம்தான் சமாதானம். அதுவரை பின்னால் நான் இருப்பது அம்மாவுக்குத் தெரியக் கூடாது. அதற்காகத்தான் முதல் பாட்டு பாதி போன பிறகு, எல்லோரும் எழுந்து நிற்கிற நேரம் பார்த்து, முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தேன். கொஞ்சம் தள்ளிக்கிடுங்கக்கா என்று நான் கேட்டபோது பக்கத்திலிருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஓரத்தில் அவ்வளவு இடம் இருக்கும்போது நடுவில் வந்து இடிக்கிறாளே என்று நினைத்திருப்பாள். எனக்கு நடுவில்தான் வேண்டும், அம்மாவுக்கு, ஊருக்கெல்லாம் ஞானப்பூ டீச்சருக்கு, நேர் பின்னால்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் சபையில் நற்கருணை ஆராதனை அன்று ஐயர் பீடத்திலிருந்து சமாதானத்தை எடுத்து வருவார். சபை குருவானவரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் முன் பெஞ்சில் இருப்பவரின் வலது கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து, தேவ சமாதானம் என்பார், வாங்கியவர் ஆமென் என்று சொல்லிவிட்டு பின்னால் திரும்பி அதேபோல் அடுத்த பெஞ்சுக்காரர் கையைப் பிடித்துக் கொடுப்பார். பந்தியில் சோறு வருகிற மாதிரி முன்னாலிருந்து பின்னாலே வரும். யாருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறோமோ அவர் கையிலிருந்துதான் நமக்கு வரும். அவர் கொடுக்காமல் இருக்க முடியாது. சண்டைக்காரியாக இருந்தாலும், வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போனவர்களாக இருந்தாலும், சமாதானம் வந்தால் வாங்கித்தான் ஆக வேண்டும், வாங்கினால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், மறுத்தால் அப்புறம் எப்படி அப்பமும் ரசமும் வாங்கப் போவது. அம்மா அப்படி மறுக்கிறவள் இல்லை. ஒரு நற்கருணையையும் அவள் விட்டதில்லை, விடுவதைவிடப் பட்டினி கிடப்பாள். அதனால் இன்றைக்கு அவள் திரும்பியே ஆக வேண்டும், என் கையைப் பிடித்தே ஆக வேண்டும். ஒன்பது வருஷமாக என்னைத் தொடாத கை. எனக்கு அது வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம், வீட்டுக்கு வா என்று சொல்ல வேண்டாம், சாப்பிட்டியா என்று கேட்க வேண்டாம், மருமகன் பெயரைச் சொல்ல வேண்டாம். கை மட்டும் போதும்.

இது பதுங்கியிருந்து ஆள்பிடிக்கிற வேலை, ஹெப்சி, என்று ரெஜினா அக்கா சொன்னாள். மதுரையில் நாங்கள் வேலை பார்க்கிற குடும்ப ஆலோசனை மையத்தில் அவள்தான் எனக்கு மூத்தவள், எனக்கே ஆலோசனை தேவைப்பட்டால் அவளிடம்தான் போக வேண்டும் என்பது ஏற்பாடு. மறைந்து உட்கார்ந்து வாங்குகிற தொடுகை தொடுகையே இல்லை, அவங்க மனசு வந்து தரணும், இதே விஷயத்தை வேற ஒருத்தி வந்து சொன்னா நீ அவளுக்கு என்ன சொல்லுவ என்று கேட்டாள். என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியாதா. எதிரில் ஒரு காலி நாற்காலியைப் போடச் சொல்வேன். அதில் உங்கள் அம்மா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுங்கள் என்பேன். எத்தனை பேரை அப்படிப் பேச வைத்திருக்கிறேன், எத்தனை பேர் பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள், டிஷ்யூப் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்திருந்திருக்கிறேன். நானும் வீட்டில் ஒருநாள் கணவன் ரூபன் இல்லாதபோது நாற்காலியை எதிரே போட்டுப் பார்த்தேன். நாற்காலி நாற்காலியாகவே இருந்தது. அம்மா என்றால் அதற்கு வாசனை வேண்டாமா, கையில் சாக்பீஸ் தூள் வேண்டாமா, உட்காரும்போது ஏசப்பா என்று ஒரு முனகல் வேண்டாமா. மனசு வந்து தரட்டும் என்று காத்திருக்க அம்மாவுக்கு இப்போது வயது என்ன, எனக்கு இருக்கிற பொறுமை என்ன. அக்காவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நேரே போய் பஸ் டிக்கெட் போட்டேன். ரூபன்தான் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டான். நான் வந்தா காரியம் கெட்டுரும், நீ போ, குடுத்தா வாங்கிக்கோ, குடுக்கலைன்னா பஸ்ல அழுதுட்டு வராத, பக்கத்துல இருக்கிறவங்க வாந்தி வருதான்னு கேட்டு கவர எடுத்து நீட்டுவாங்க என்றான். சிரித்தேன். பஸ் நகர்ந்ததும் அவன் திரும்பிப் போகிற தோளைப் பார்த்தேன், அப்போதுதான் அழுகை வந்தது, பக்கத்திலிருந்த அம்மாள் நிஜமாகவே வாந்தியா தாயி என்று கேட்டாள்.

பிரசங்கம் இன்னும் அமெரிக்காவில்தான் இருக்கிறது. இன்றைக்கு ஒப்புரவு ஞாயிறாம், அதற்காக வேதாகமக் கல்லூரியிலிருந்து பேராசிரியர் ஒருவரை வரவழைத்திருக்கிறார்கள், அவர் போன வருஷம் இனங்களின் ஒப்புரவைப் பற்றிய ஏதோ மாநாட்டுக்குப் போய் வந்திருக்கிறார். அங்கே ஓர் ஊரில் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு கோவில்கள், ஒன்று வெள்ளைக்காரர்களுடையது, ஒன்று கறுப்பர்களுடையது, நூறு வருஷமாக இந்த மணிச் சத்தம் அவர்களுக்குக் கேட்கும், அந்தப் பாட்டு இவர்களுக்குக் கேட்கும், ஆனால் ஒருவர் வாசலை ஒருவர் மிதித்ததில்லை. ஆண்டவர் ஒருவர்தானே, ரத்தம் ஒன்றுதானே என்று பேராசிரியர் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார். சபை முழுக்க ச்சு கொட்டுகிறது. அம்மாவும் கொட்டுகிறாள், எனக்குக் கேட்டது, அந்தச் சின்ன ச்சு, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் கொட்டுகிற அதே ச்சு. கடல் தாண்டி இருக்கிற கறுப்பர்களுக்காக அம்மாவின் மனசு இளகுகிறது. எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வருகிறது. ஐயா பேராசிரியரே, அவ்வளவு தூரம் விமானத்தில் போயிருக்க வேண்டாம், இந்தக் கோவில் வாசலிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் கீழூரில் இன்னொரு கோவில் இருக்கிறது, அதற்கும் இதே பேராயர்தான், இதே பாட்டுத்தான், இதே அப்பம்தான், அந்த ஊர்ப் பிள்ளைகள் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள், அவர்களில் ஒருவனை நான் கட்டிக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்தது. இரண்டு கோவிலுக்கும் கல்லறைத் தோட்டம் ஒன்று, நடுவில் முன்பு சுவர் இருந்தது, பிறகு இடித்துவிட்டு குரோட்டன்ஸ் செடி வைத்தார்கள், அதை நல்ல முன்னேற்றம் என்று சபை மலரில் போட்டிருந்தார்கள். கீழூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்து தங்கிய நாலைந்து குடும்பங்கள் எப்போதும் கடைசி பெஞ்சில்தான். யாரும் அங்கே உட்காரச் சொன்னதில்லை, யாரும் முன்னால் வாருங்கள் என்றும் சொன்னதில்லை. சின்ன வயதில் நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன், முன் பெஞ்சில் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக் கொடுக்கிற சமாதானம் பின்னால் போகப் போக ஒரு கையாகும், அப்புறம் விரல் நுனியாகும், கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேரும்போது வெறும் தலையாட்டல்தான் மிச்சமிருக்கும். ரூபனிடம் கல்யாணத்துக்கு முன்னால் இதைச் சொன்னபோது, அப்ப எங்களுக்கு வந்ததெல்லாம் ஆறின காப்பிதானா என்று கேட்டான்.

அம்மாவைக் கெட்டவள் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். ரெஜினா அக்கா ஒருதரம் உன் அம்மாவோட சாதி வெறி என்று ஆரம்பித்தபோது எனக்கு முகத்தில் அடித்தது போல் இருந்தது, அதில் பொய் ஒன்றும் இல்லை, இருந்தாலும் அதை நான் சொல்லலாம், நீ எப்படிச் சொல்லலாம் என்று இருந்தது. கீழூர்ப் பிள்ளைகளுக்கு அம்மாதான் எழுத்து சொல்லிக் கொடுத்தாள். சிலேட்டில் கை பிடித்து. ரூபனுக்கும் அப்படித்தான், அவன் விரலைப் பிடித்து அ போட வைத்தவள் அவள், காய்ச்சல் வந்தால் தன் டிபன் பாத்திரத்திலிருந்து கஞ்சி கொடுத்தாள், அவன் கல்லூரியில் முதலாவதாக வந்தபோது எங்கிட்டப் படிச்ச பய என்று பொதுச் சந்தையில் வைத்து எல்லோரிடமும் சொன்னாள். அவன் விரலை எத்தனை தடவை தொட்டிருக்கிறாளோ, நான் தொட்ட பிறகு அது தீட்டாகிவிட்டது. நாங்கள் விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு அம்மா சத்தம் போடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் அவங்கள என்னைக்காவது வித்தியாசமாப் பாத்திருக்கனா, நீயே சொல்லு, என் பிள்ளைகளாத்தான் பாத்தேன், ஆனா என்றாள். அப்புறம் அந்த ஆனாவோடேயே நிறுத்திவிட்டாள். அதற்கு மேல் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்திருக்கும். நான் இந்த வேலைக்கு வந்து பார்த்ததில் முக்கால்வாசிப் பேர் ஆனாவுக்கு முன்னால் சொல்வதெல்லாம் ஜெபம் மாதிரி அழகாக இருக்கும், ஆனாவுக்குப் பின்னால்தான் வீடு இருக்கும். அம்மா எங்களை அந்த வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. திட்டு, சாபம், எதுவும் இல்லை. திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்திருப்பேன். மௌனமும் ஒரு பேச்சுதான் என்று வியாழக்கிழமை வகுப்பில் கல்யாணத்துக்கு நிற்கிற ஜோடிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அவர்கள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். அது என்ன பேசுகிறது என்று ஒருவராவது கேட்டதில்லை, கேட்டால் எனக்குத் தெரியாது.

எல்லோரும் எழுந்திருக்கிறார்கள். பிரசங்கம் முடிந்துவிட்டது போலிருக்கிறது, பேராசிரியர் கடைசியில் என்ன சொல்லி முடித்தார் என்று எனக்குத் தெரியவில்லை. விசுவாசப் பிரமாணம். அம்மா எழுந்திருக்க முன் பெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாள், ஒரு கை, பிறகு இன்னொரு கை, முழங்கால் சரியில்லை என்று பென்னட் சொன்னது உண்மைதான். முக்காட்டை மறுபடி போட முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்குகிறாள், அங்கே தோல் நிறத்தில் ஏதோ இருக்கிறது, முதலில் பிளாஸ்திரி என்று நினைத்தேன், இல்லை, காது மெஷின். அம்மாவுக்குக் காது கேட்கவில்லை. வாய் விசுவாசிக்கிறேன் விசுவாசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போகிறது, எனக்குள் அது ஒன்றுதான் ஓடுகிறது, அம்மாவுக்குக் காது கேட்கவில்லை, எப்போதிலிருந்து, யார் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள், மெஷினை யார் மாட்டிவிடப் பழக்கினார்கள். நான் முதல் பாட்டில் அசட்டுத்தனமாக வாயை மட்டும் அசைத்தேன், குரல் தெரிந்துவிடும் என்று பயந்து. நாங்கள் இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவோம், நான் கீழ்க்குரலில் போவேன், அம்மா மேலே போவாள், முன்னால் இருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள், ஐயரம்மா ஒருதரம் உங்க வீட்ல கறிக்குழம்பே ராகத்துலதான் கொதிக்குமோ என்று கேட்டார். இப்போது நான் வாய்விட்டுப் பாடினாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. இந்த ஒன்பது வருஷத்தில் எப்போதாவது அம்மா என்னைக் கூப்பிட நினைத்து, பேசினால் கேட்காதே என்று விட்டிருப்பாளோ? போன் அடித்துக் கேட்காமல் இருந்திருக்குமோ? ஆரம்பத்தில் நான் அடித்துக்கொண்டே இருந்தேனே, எடுக்கவில்லையே, அப்போதே காது கேட்கவில்லையோ? இப்படி யோசிப்பதற்குப் பெயர் உண்டு, எங்கள் படிப்பில் அதற்குத் தனிப் பாடமே உண்டு, நடந்ததை நமக்கு வசதியாகத் திருப்பிப் போட்டுக்கொள்வது. தெரியும். தெரிந்தால் யோசிக்காமல் இருக்க முடிகிறதா.

அறிவிப்புகள். உட்கார்ந்தாயிற்று. பெண்கள் சங்கக் கூட்டம் செவ்வாய்க்கிழமை, அறுப்பின் பண்டிகைக்குப் பொருட்கள் கொடுக்கிறவர்கள் கோவில்பிள்ளையிடம் ஒப்படைக்கவும், பிறகு கல்யாண ஓலை. இன்னாருடைய மகள் இன்னாரும் இன்னாருடைய மகன் இன்னாரும் விவாகம் செய்ய இருக்கிறார்கள், தடை சொல்ல விரும்புகிறவர்கள் உண்டானால் அறிவிக்கவும், இது இரண்டாம் ஓலை. அந்தப் பெண் எங்கேயோ முன்னால் உட்கார்ந்திருக்கிறாள் போலிருக்கிறது, அவளைச் சுற்றி முக்காடுகள் அசைகின்றன. என் ஓலை இங்கே வாசிக்கப்படவில்லை. அப்போதிருந்த ஐயர் நல்ல மனுஷர், அவர் வாசிக்க மாட்டேன் என்று சொல்லவேயில்லை, இந்த வாரம் பேராயர் வருகிறார், அடுத்த வாரம் அசன விருந்து, அதற்கடுத்த வாரம் பார்ப்போம் என்றார், அப்படியே தள்ளித் தள்ளி நாங்களே மதுரைக்குப் போய்விட்டோம். அங்கே வாசித்தார்கள், எங்களைத் தெரியாதவர்கள் நிறைந்த கோவிலில், தடை சொல்ல யாருமில்லை. தடை சொல்லவாவது யாராவது வந்திருக்கலாம் என்று எனக்கு அன்றைக்கு இருந்தது. அப்பாதான் அதற்கப்புறம் எப்போதாவது போன் பண்ணுவார், அம்மா சங்கக் கூட்டத்துக்குப் போகிற செவ்வாய்க்கிழமைகளில், மாடியில் நின்றுகொண்டு. பேச ஒன்றும் இருக்காது, மழையா அங்கே, கரண்டு இருக்கா, ரூபன் நல்லாருக்கானா. அம்மா எப்படி இருக்காங்கப்பா என்றால், இருக்கா என்பார். அப்பாவின் அடக்கத்துக்கு வந்தபோது அம்மா தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தேன், அவள் நிமிரவேயில்லை, துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள், துக்கமும்தான். பிள்ளை ஒன்று இருந்தால் தூக்கிக்கொண்டு வந்து மடியில் போட்டிருக்கலாம். அது பலிக்கிறது என்று எங்கள் மையத்திலேயே சொல்லிக்கொள்வோம். எங்களுக்கு இல்லை. கையை மட்டும்தான் நீட்ட முடியும்.

முழங்காலில் நிற்கிறோம். இப்போதிருக்கிற ஐயர் புதியவர், இளவயது, ஜெபத்தை ராகம் போடாமல் சொல்கிறார். ஆட்சியில் இருக்கிறவர்களுக்காக, மழைக்காக, வியாதியஸ்தருக்காக, பிரிந்திருக்கிற குடும்பங்களுக்காக. பிரிந்திருக்கிற என்று அவர் சொன்னதும் அம்மாவின் தோள் அசைந்ததா? அசைந்தது. இல்லை, முழங்கால் வலிக்கு மாற்றி ஊன்றினாள். ஆண்டவரே, எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. திரும்பினதும் என்னைப் பார்த்து அவள் முகம் எப்படி மாறும் என்று இதுவரை நான் யோசிக்கவேயில்லை, கையை மட்டும்தான் யோசித்தேன், கைக்கு மேலே முகம் இருக்கிறதே. கொடுக்க மாட்டேன் என்று கையை இழுத்துக்கொண்டால்? கொடுத்துவிட்டு, கொடுத்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டால்? அதை நான் பார்த்துவிட்டால் அப்புறம் எப்படி மதுரைக்குப் போவது, எந்த முகத்தோடு வியாழக்கிழமை வகுப்பெடுப்பது, ரூபனிடம் என்ன சொல்வது, அவன் கேட்கமாட்டான், காப்பி போட்டுத் தருவான். இல்லாவிட்டால் மயங்கி விழுந்துவிட்டால்? சர்க்கரை இருக்கிறதோ என்னவோ, காதைப் பற்றியே தெரியாத எனக்குச் சர்க்கரை எங்கே தெரிந்திருக்கும். ரெஜினா அக்கா சொன்னதுதான் சரி. எழுந்து போய்விடலாம், எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள், செருப்பு வாசலில்தான் கிடக்கிறது. போய்விடலாம் என்று நினைக்க நினைக்க அந்தக் கைதான் வருகிறது. வலது ஆள்காட்டி விரல் சாக்பீஸ் பிடித்துப் பிடித்து ஒரு பக்கம் தடித்திருக்கும். தலை பின்னும்போது அந்தத் தடித்த இடம் காதுமடலில் உரசும். பரீட்சைக்குப் போகும்போது தலையில் வைத்து அழுத்துவாள், ஜெபம் பண்ணுகிறாளா, முடி படிந்திருக்கிறதா என்று பார்க்கிறாளா என்று தெரியாது. நாங்கள் சேர்ந்து உட்கார்கிற காலத்தில் சமாதானம் வருவதற்கு முன்னால் என் கையை எடுத்துத் தன் சேலை முந்தியில் துடைத்துவிடுவாள், ஈரக்கையோடு வாங்கக் கூடாதாம். போக மாட்டேன். அம்மா, நான் போக மாட்டேன்.

எழுந்துவிட்டார்கள். ஐயர் படியில் இறங்கி வருகிறார், செருப்பில்லாத காலடியின் சத்தம், ஒருவருக்கொருவர் சமாதானத்தைப் பகிர்ந்துகொள்வோம் என்கிறார். ஆர்மோனியப் பெட்டியில் ஒரு மெல்லிய பாட்டு வாசிக்கிறார்கள். நான் குனிந்து என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சேலையில் துடைக்கிறேன், உள்ளங்கை, விரலிடுக்கு, மறுபடி உள்ளங்கை, எவ்வளவு துடைத்தாலும் வேர்த்துக்கொண்டே இருக்கிறது. முன்னால் பெஞ்சுகள் கிரீச்சிடுகின்றன, சேலைகள் சரசரக்கின்றன, தேவ சமாதானம், ஆமென், தேவ சமாதானம், ஆமென், பக்கத்தில் வந்துவிட்டது, ஒரே ஒரு பெஞ்சு. அம்மா ஆமென் என்று சொல்வது கேட்டது. இப்போது திரும்புவாள். இரண்டு கையையும் நீட்டிவிட்டேன், அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம், வலது கை முன்னால், இடது கை அதற்குக் கீழே தாங்கினாற்போல். அம்மா முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முதலில் தோளும் பிறகு இடுப்புமாக மெல்லத் திரும்புகிறாள். நிமிர்ந்து பார்த்தேன். அவள் கை கூப்பியிருந்தாள்.

எனக்கு மட்டும்தான் கும்பிடு, தொட மாட்டேன் என்பதற்காகக் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் கண் தெளிந்தது. பக்கத்திலிருந்த பெண் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு முன்னால் நிற்பவளும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள். ஆண்கள் பக்கம் எல்லோரும், படிக்கட்டில் ஐயர், கோவில் முழுக்க ஒருவரையொருவர் பார்த்துக் கும்பிடுகிறார்கள். யாரும் யார் கையையும் பிடிக்கவில்லை. எங்கள் மதுரைக் கோவிலில் கொரோனா முடிந்த கையோடு மறுபடி தொடங்கிவிட்டார்கள், இங்கே தொடங்கவேயில்லை. எனக்கு எப்படித் தெரியும்? எத்தனை வருஷமாயிற்று நான் இங்கே வந்து. இவ்வளவு யோசித்தேனே, பஸ்ஸில், ராத்திரி படுக்கையில், இந்த ஆராதனை முழுக்க, இதை யோசிக்கவில்லை. கோவில் நிறையக் கூப்பிய கைகளுக்கு நடுவில் நான் ஒருத்தி மட்டும் சோற்றுக்கு நிற்கிறவளாக இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறேன். மடக்கவும் தோன்றவில்லை.

அம்மா முதலில் என் கையைத்தான் பார்த்தாள். அப்புறம் வளையல், அப்புறம் தாலிச் செயின், கடைசியில் முகம். கண் சுருங்கியது. வாய் ஏதோ சொல்ல எடுத்து நின்றது, கூப்பிய கை மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்துப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். நான் ஆமென் சொல்ல வேண்டும், அதற்கு முன்னால் அவள் சமாதானம் சொல்ல வேண்டும், அவள் சொல்லவில்லை.

"இப்பல்லாம் கை குடுக்கதில்ல, ஏட்டி," என்றாள். காது கேட்காதவர்கள் பேசுகிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே வந்தது, முன்னால் இருவர் திரும்பிப் பார்த்தார்கள். "கொரோனாக்குப் பொறவு நிப்பாட்டியாச்சு. கும்பிடணும்."

"சரிம்மா" என்றேன்.

அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. ஆனால் அவள் முன்பக்கம் திரும்பவில்லை. அவள் முறை முடிந்துவிட்டது, திரும்பியிருக்கலாம். டீச்சர் இல்லையா, தப்பாகப் போட்ட பிள்ளை சரியாகப் போடும்வரை அடுத்த சிலேட்டுக்குப் போக மாட்டாள், எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். வலிக்கிற முழங்காலோடு என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் கும்பிட்டவுடன் அவள் திரும்பிவிடுவாள். பின் பெஞ்சில் சமாதானத்துக்குக் காத்திருக்கிறார்கள், என் முதுகில் அவர்கள் பார்வை தெரிகிறது, காத்திருக்கட்டும். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக என் இரண்டு கைகளையும் சேர்க்கிறேன்.